பன்னிரண்டு மணி டிக்

இதை வெளியே சொன்னால் என் வேலைக்கே ஆபத்து. அதற்காகவாவது நம்புங்கள். கதை கட்டுகிறவர்கள் தங்கள் தப்பை வைத்துக் கட்ட மாட்டார்கள். நான் ஒரு நர்ஸ். பேய் என்றால் சிரிக்கிற ஆள். பிணவறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே டீ குடித்திருக்கிறேன்.

அன்று இரவு டியூட்டி. இருபத்திரண்டு நோயாளிகளுக்கு நான் ஒருத்தி, துணைக்கு ஒரு ஆயாம்மா. பதினோராம் கட்டிலில் பக்கவாதம் வந்த ஒரு அம்மா. பேச்சு இல்லை. தானாகப் புரளவும் முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாங்கள்தான் பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, சார்ட்டில் டிக் போட வேண்டும். விட்டால் படுக்கைப்புண் வரும். அவருடைய மகள் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இடுப்புக்குக் கீழ லேசா சிவந்திருக்கு. புண்ணாச்சுன்னா அம்மா தாங்க மாட்டாங்க. மறக்காம திருப்பி விடுங்க."

"நான் பாத்துக்கறேன்மா. நிம்மதியா போங்க" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் கட்டில்காரருக்கு மூச்சுத் திணறல். டாக்டரைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் வைத்து, அந்த ஓட்டத்தில் பக்கம் மாற்ற ஏது நேரம்? போகிற போக்கில் சார்ட்டில் '12.00, இடது பக்கம்' என்று டிக் போட்டேன். செய்யாமலே. சொல்ல வெட்கமாக இருக்கிறது... அது எனக்குப் பழகிப்போன வேலை.

மணி 1.20. மனசு உறுத்த, பதினொன்றுக்குப் போனேன்.

அந்த அம்மா இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகுக்கு ஒரு தலையணை. முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் துணி சுருட்டி வைத்திருந்தது. எங்கள் வார்டில் யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

"ஆயாம்மா, பதினொண்ணைத் திருப்பினீங்களா?"

"நானா? உங்க கூடத்தானே மூணுல நின்னுட்டிருந்தேன்!"

மணி 2.00. மேஜையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கிறீச்...

கட்டில் சத்தம். ஓடினேன். இப்போது வலது பக்கம். தலையணைகளும் இடம் மாறியிருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை. சீழ் நாற்றம் மட்டும் குப்பென்று அடித்தது. இவருக்குத்தான் புண்ணே இல்லையே...

கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன்.

3.55. நானே திருப்பிவிடுவது என்று, தலையணையும் கையுமாகக் கட்டில் அருகில் நின்றேன். அந்த அம்மா விழித்திருந்தார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

என் பின்னால் பார்த்தார்.

4.00.

மெத்தையின் ஓரம் அமுங்கியது. யாரோ முழங்கால் ஊன்றினாற்போல...

அந்த அம்மாவின் தோள் மெதுவாக எழுந்தது.

நான் தொடவில்லை.

என் கையிலிருந்த தலையணையை... யாரோ இழுத்தார்கள்.

மெதுவாக.

விட்டுவிட்டேன்.

காலையில் மகள் வந்து பார்த்தாள். சிவப்பு மறைந்திருந்தது. "நீங்க நல்லா இருக்கணும் சிஸ்டர்" என்று அழுதாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எட்டு நாள் கழித்து ஹெட் நர்ஸ் கூப்பிட்டார். மேஜையில் ஒரு பழைய ஃபைல். ஒரு மாதம் முன்பு அதே பதினோராம் கட்டிலில் படுத்திருந்து, படுக்கைப்புண்ணோடு வீட்டுக்குப் போன ஒரு பெண்ணுடையது.

"புண் முத்தி வீட்டிலேயே இறந்துட்டாங்க. மகன் புகார் குடுத்திருக்கார். சார்ட்ல ராத்திரி டிக் எல்லாம் கரெக்டா இருக்கு. பின்ன எப்படிம்மா புண் வந்துச்சு?"

அத்தனை டிக்கும் நான் போட்டவை. ஒரு ராத்திரிகூட அவரை நான் திருப்பிப் படுக்க வைத்ததில்லை.

புகாரில் அவர் இறந்த தேதியைப் பார்த்தேன். நான் சொன்ன அதே இரவு.

நேரம் 11.40.