மூன்று மிளகு

என் புத்திசாலித்தனத்தால்தான் உம்மாவின் புத்தகம் கடலுக்குப் போனது. ஐம்பதுகளில் ஒரு மாரிமழையில் கல்முனையில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. வடிந்த பிறகு பெட்டிக்குள் ஊறிக்கிடந்த தாள்களைப் பொறுக்கினேன். அறபு எழுத்துள்ள தாளைக் குப்பையில் போடமாட்டோம். வெள்ளைத் துணியில் கட்டிக் கடலில் விடுவோம், அல்லது புதைப்போம். நானும் கடலில் விட்டுவிட்டு, பெரிய நன்மை செய்தவன் போல வீட்டுக்கு வந்தேன்.

"என்ட மருந்துப் பொத்தகம் எங்க மகன்?" என்று உம்மா கேட்டபோதுதான், நான் கடலில் விட்டதில் அதுவும் இருந்தது புரிந்தது.

உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழை அறபு எழுத்தில்தான் எழுதுவார். பிள்ளைகளுக்கான கைமருந்துகளையும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். வாப்பா உயிரோடிருந்த காலத்தில், மருதமுனையில் நெய்த சாரன் துணிகளை விற்கக் கொழும்புக்குப் போனவர் அதைக் கல்லச்சில் அடித்துக்கொண்டு வந்தார். மற்றப் பிரதிகளெல்லாம் ஊரில் கைமாறிக் கிழிந்து, இதே மரியாதையோடு மண்ணுக்குள் போய்விட்டன. மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். உம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இலங்கையில் எந்தப் புத்தகம் அச்சானாலும் அரசாங்கத்துக்குப் பிரதி கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருப்பதை, என்னோடு படிப்பித்த ஒரு மாஸ்டர்தான் சொன்னார். மட்டக்களப்புக்குப் போய் ரயிலேறினேன். கொழும்பில் அரசாங்க நூல்நிலையத்தில், அறபுச் சமயப் புத்தகங்களோடு அது இருந்தது! எடுத்துத் தந்த சிங்கள ஐயாவுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. நான் வாசித்துக் காட்டியதும், "இது தமிழா?" என்று சிரித்துவிட்டார். தங்களால் வாசிக்கவே முடியாத புத்தகத்தை இத்தனை வருஷம் பூச்சி அரிக்காமல் வைத்திருந்தார்களே! அந்த மனிதர்கள் மேல் அன்று வந்த மதிப்பு இன்றும் குறையவில்லை. வெளியே தரமாட்டோம் என்றார்கள். இரண்டு நாள் அங்கேயே இருந்து, உம்மாவுக்காக அறபு எழுத்திலேயே ஒரு கொப்பியில் பார்த்து எழுதினேன்.

உம்மா என் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். மலர்ந்திருந்த முகம் ஓரிடத்தில் சுருங்கியது.

"பச்சப்புள்ளைக்கு மூணு மிளகு குடுக்கிறதா? ரெண்டுதான் மகன். அச்சுக்காரன் விட்ட பிழை. என்ட பொத்தகத்தில மையால திருத்தி வெச்சிருந்தன்."

அறபு இலக்கத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு வளைவுதான் வித்தியாசம்.

"கொப்பியில திருத்துவம் உம்மா."

"கொப்பி கிடக்கட்டும். அங்க இரிக்கிறது நான் மௌத்தாகி மண்ணுக்குள்ள போன பொறகும் இரிக்குமா?"

"ஓம்."

"அப்ப அதத்தான் திருத்தணும்."

எந்தப் பக்கம், எந்த வரி என்று குறிப்பிட்டு நூல்நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. புத்தகத்தில் யாரும் பேனா வைக்கமுடியாதாம். ஆனால் உம்மா சொன்ன திருத்தத்தைத் தட்டச்சு செய்து அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்களாம். உம்மா அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "இனி என்ட பொத்தகத்தால ஒரு புள்ளையும் அழாது."