கறுப்பைப் பிரிக்கிற பச்சையப்பன்

சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்த பட்டை. அதன் ஒரு முனை பச்சையப்பனின் பல்லில், மறுமுனை வலக்கையில். இடக்கையில் சிட்டமாகச் சுற்றிய வெள்ளைக் கம்பளி நூல். மூன்று சுற்று, நான்கு சுற்று, ஐந்தாவதில் முடிச்சு. ஒரு சாண் தள்ளி அடுத்த கட்டு. சிட்டத்துக்கு நான்கு கட்டு. முடிச்சு விழுகிற வரை மூச்சு விடமாட்டார். விழுந்ததும் பட்டையை நகத்தால் சுண்டிப் பார்ப்பார். ‘டிக்’கென்று கேட்கவேண்டும். ‘தொப்’பென்று கேட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

“கட்டுக்குள்ள சொட்டுத் தண்ணி பூந்துச்சுன்னா போச்சு. கட்டுன எடம் வெள்ளவெளேர்னு நிக்கணும். இல்லன்னா கட்டுனதே தண்டம்,” என்பார்.

சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே மூன்றாவது தெருவில் வீடு. பின்பக்கம் தகரம் போட்ட இடத்தில்தான் சாயவேலை எல்லாம். ஒரு காஸ் அடுப்பு, சமையலறைக்குள் போகக்கூடாது என்று காதில் கயிறு கட்டி அடையாளம் வைத்த இரண்டு குண்டான்கள், நான்கு பிளாஸ்டிக் டப்பு, மதில் ஓரமாக ஒரு கொடி. மதிலுக்கு அந்தப்பக்கம் அந்தோணிமேரி. இட்லி மாவு அரைத்து விற்கிறவள். முழங்கை வரை மாவோடுதான் எந்நேரமும் இருப்பாள்.

“இன்னாண்ணே, ஊரே ஃபேனுக்குக் கீய பட்துகினு கீது. நீ கம்பளிய வேக வெச்சிகினு கீற. ஒன்னப் பாத்தாலே எனக்கு வேர்க்குது.”

“நமக்கு வேர்த்தாத்தான் மேரி, குன்னூர்ல ஒருத்தி குளிருக்குப் போத்திக்குவா.”

குன்னூரில் மட்டுமல்ல, பெங்களூரிலும் அவருடைய நூலுக்கு ஆள் உண்டு. இங்கேயே அடுக்குமாடிகளில் குடியிருக்கும் கொரியாக்காரப் பெண்கள் சிலர் காரில் வந்து இறங்கி, கொடியில் தொங்குவதைத் தடவிப் பார்த்து வாங்கிப் போவார்கள். அவர்கள் பேசுவது இவருக்குப் புரியாது. இவர் பேசுவது அவர்களுக்குப் புரியாது. நூலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரிப்பார்கள். அது இரண்டு பக்கமும் புரியும்.

பதினோரு வருஷம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம், கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தார். வரிசையாக டியூப்லைட் எரியும் கூடத்தில் நின்று, வருகிற பம்பரை எல்லாம் மாதிரித் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிறம் ஒரு இழை மாறியிருந்தாலும் தள்ளிவைக்க வேண்டியது அவர் வேலை. மெஷின் சரி என்று சொன்னதையே இரண்டு தரம் இவர் இல்லை என்று சொல்லி, இவர் சொன்னதுதான் நின்றது. அந்தக் கூடத்தின் நெடியில் மூக்கு மரத்துப்போயிற்று. பக்கத்தில் சாம்பார் தீய்ந்தாலும் தெரியாது. கான்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வருத்தப்பட்டாரா என்றால், “மூக்கக் கம்பெனிக்குக் குடுத்துட்டேன். கண்ண வூட்டுக்கு எடுத்தாந்துட்டேன். அது போதும்,” என்றார்.

காஞ்சிபுரத்தில் அவருடைய சின்னம்மா மகன் ஜெகதீஷ் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். சின்னம்மா அந்தக் காலத்தில் சாயக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டதால் வந்த தொழில் அது. வேலை போன பிறகு மூன்று மாதம் தம்பியோடு போய் இருந்தார் பச்சையப்பன். ஒருநாள் கொரியாக்கார அம்மா ஒருவர் வெள்ளைக் கம்பளி நூலைக் கொண்டுவந்து சாயம் கேட்க, “பட்டத் தவிர எதையும் தொடமாட்டேன்” என்று ஜெகதீஷ் கைவிரித்தான். “எங்கிட்டக் குடு” என்று இவர் வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பிடித்த கம்பளிதான்.

கட்டு ஒரு வித்தை என்றால், அவருக்குப் பேர் வாங்கித் தந்த வித்தை வேறு. கறுப்பைப் பிரிக்கிறது. கேட்கிறவர்களுக்கு இப்படித்தான் சொல்லுவார்:

“கறுப்புன்றது ஒரு கலர் இல்லபா. அது கூட்டுக் குடும்பம். உள்ள செவப்பு கீது, நீலம் கீது, மஞ்சா கீது. எல்லாம் ஒரே வூட்டுல அமுக்கமா குந்திகினு கீது. வினிகர்ல ஊறுன நூல அதுங்கிட்ட காட்டு. பாகப்பிரிவினைதான். செவப்பு அவசரக்காரன், மொதல்ல ஓடியாந்து எடம் புடிச்சிக்குவான். நீலம் சுத்திப் பாத்துட்டு நெதானமா வருவான். வினிகர் இல்லன்னு வையி, அவன் அவன் கம்முனு சேந்தே கெடப்பான்.”

பிரிந்த கறுப்பு லேசில் கண்ணுக்குப் பிடிபடாது. தூரத்தில் கறுப்பு. கிட்டே போனால் ஓரத்தில் அரக்கு. வெயிலில் திருப்பினால் உள்ளே ஆழத்தில் நீலம். குண்டானில் போட்ட பிறகு கிண்டக்கூடாது. கிண்டினால் சூட்டில் கம்பளி பந்தாகச் சுருண்டுவிடும். யாராவது கரண்டியோடு கிட்டே வந்தால் கையைக் குறுக்கே நீட்டி மறிப்பார்.

ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு பெயர் வைப்பார். எல்லாம் சொந்தக்காரர்கள். வெளிர் மஞ்சளில் பச்சை ஓடினால் ‘பெரியம்மா சீதனம்’. சாம்பலில் ஒரு பொட்டு ஊதா விழுந்தால் ‘மாமனார் மௌனம்’. கறுப்பிலிருந்து அரக்கும் நீலமும் பிரிந்து வருவதற்கு ‘சித்தப்பா கோபம்’. பெங்களூர் கடைக்காரப் பெண் அதற்கு அர்த்தம் கேட்டு போன் செய்தபோது, “எங்க சித்தப்பாவ நீங்க பாத்ததில்லமா. கம்முனுதான் இருப்பாரு. காதோரம் மட்டும் செவக்கும்,” என்றார். அவளுக்கு அது பிடித்துப்போய், மாதம் பத்துச் சிட்டம் ‘சித்தப்பா கோபம்’ அனுப்பச் சொல்லிவிட்டாள்.

இவ்வளவு கண்ணை வைத்துப் பிழைக்கிறவர், அந்தக் கண்ணை டாக்டரிடம் காட்டப் பயந்தார். ஏழு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. மாத்திரை ஒழுங்காகப் போடுவார், ரத்தம் ஒழுங்காகக் கொடுப்பார். கண் பரிசோதனை என்றால் மட்டும் அன்றைக்கு ஏதாவது ஒரு சாவோ வாழ்வோ குறுக்கே வந்துவிடும். மனைவி கங்கா மூன்று தரம் சீட்டு வாங்கினாள். மூன்று தரமும் அவர் போகவில்லை.

காரணம் வாலாஜாபாத்தில் இருந்தது. அவருடைய அண்ணன் விஜயராகவன் அங்கே பட்டுத்தறி நெய்தவர். அவருக்கும் சர்க்கரை. ஒருநாள் புடவைக் கரையில் கறுப்பு ஓடவேண்டிய இடத்தில் அரக்கை ஓட்டிவிட்டார். முதலாளி புடவையை விரித்துக் காட்ட, “இது கறுப்புதானே?” என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. தக்காளி தெரிந்தது, மஞ்சள் பூ தெரிந்தது. இருட்டு நிறங்கள் மட்டும் ஒன்றோடொன்று கலந்துபோயின. இரண்டு வருஷத்தில் தறியை விட்டு இறங்கினார். இப்போது பச்சையப்பன் போனால், குரலை வைத்துத்தான் முகத்தைத் திருப்புகிறார்.

போன ஆனியில் ஒரு வியாழக்கிழமை. கங்கா ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறவள். ஏ ஷிஃப்ட்டுக்கு விடியுமுன்பே கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டாள். பச்சையப்பன் பெங்களூருக்கு அனுப்பவேண்டிய பத்துச் சிட்டத்தையும் கட்டி, வினிகருக்காக அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து டப்பில் கவிழ்த்து, நூலை ஊறப்போட்டார். பிறகு கறுப்புச் சாயத்தில் இறக்கி, தீயைக் குறைத்து, மூடிவைத்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் சாயம் முழுக்க நூலில் ஏறாமல் தண்ணீர் இன்னும் கறுப்பாகவே நின்றது. புதுப் பொட்டலத் தூள், பிடிக்க நேரமாகிறது போல என்று நினைத்து, வினிகர் கேனைத் திறந்து மேலே கொஞ்சம் விட்டார். கால்மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. ஆறவிட்டு, அலசி, பட்டைகளை அறுத்து, கொடியில் போட்டார்.

கட்டின இடமெல்லாம் வெள்ளை பளிச்சென்று நின்றது. மற்ற இடம் கறுப்பு. கிட்டே போனார், கறுப்பு. வெயிலில் திருப்பினார், கறுப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சிட்டத்தைப் பிரித்து இழை இழையாகப் பார்த்தார். அரக்கு இல்லை. நீலம் இல்லை. ஐந்து வருஷமாக ஒரு நாளும் ஏமாற்றாத சாயம். ஏமாற்றியது சாயமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே போய்த் தக்காளியை எடுத்துப் பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது. அண்ணனுக்கும் தக்காளி சிவப்பாகத்தான் இருந்தது. அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மறுபடி கொடியடிக்கு வந்தார். மதிலுக்கு அந்தப்பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“மேரி, இந்தக் கலரு எப்டி கீது?”

“அதுக்கு இன்னாண்ணே, எப்பவும் போல அம்சமா கீது. செவப்பும் நீலமும் மயிலு கணக்கா.”

ஒரு டப்பைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். மேரிக்குத் தெரிகிற சிவப்பு. மேரிக்குத் தெரிகிற நீலம். பெங்களூர் பெண்ணுக்கு என்ன சொல்வது என்று ஒரு பக்கம் ஓடிற்று. அண்ணன் முகம் திருப்புகிற விதம் இன்னொரு பக்கம் ஓடிற்று. மத்தியானச் சோறு மூடியபடியே கிடந்தது. கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று கிளம்புகிற சத்தம் கேட்கிற வரை எழுந்திருக்கவில்லை.

கங்கா செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராகப் பின்பக்கம் வந்தாள். கையில் ஒரு பாட்டில்.

“யோவ், ஆளக் கொல்லப் பாத்தியா நீ?”

“இன்னா?”

“இன்னாவா? டிபன் டைம்ல தாகமா கீதேன்னு மடக்குனு வாயில ஊத்துனேன். தொண்ட, மூக்கு, காது எல்லாம் பத்திகிச்சு. எதிர்ல குந்தியிருந்த எங்க லைன் பொண்ணு நிலா மூஞ்சில துப்பிட்டேன். லைன் மொத்தமும் சிரிக்குது. சூப்பர்வைசர் பையன் வந்து, ‘இன்னாக்கா, ஊறுகா கம்பெனிக்கு மாறப் போறியா’ன்றான். செல்போன உள்ள வுடமாட்டான், இல்லன்னா அப்பவே ஒன்னக் கியிச்சிருப்பேன்!”

பச்சையப்பன் தலையைத் தூக்கினார்.

“அது இன்னா பாட்டிலு?”

“ஒன் பாட்டிலு. வினிகரு. ரெண்டும் ஒரே மாரி பாட்டில்ல ஊத்தி ஒரே எடத்துல வெச்சா? இருட்டுல மாத்தி எடுத்துனு பூட்டேன்.”

“வினிகர்னு நல்லாத் தெரியுமா?”

“குடிச்சவ நானு. எங்கிட்டயே கேக்குறியா?”

“அப்ப அலமாரில இருந்தது?”

“என் தண்ணி. அத இன்னா பண்ண நீ?”

அப்படியென்றால் நூல் ஊறியது வெறும் தண்ணீரில். அவள் கையைப் பிடித்துக் கொடியடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“இத்தப் பாரு. இன்னா கலரு?”

“வுடுயா கைய. கறுப்பு.”

“நல்லாப் பாரு. ஓரத்துல செவப்பு?”

“எங்க கீது செவப்பு? ரோடு போட்ற தாரு மாரி கீது.”

“உள்ள? நீலம்?”

“நீலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதான் சித்தப்பா கோவமா? சித்தப்பா செத்தே பூட்டாரு போல. பத்துச் சிட்டமும் வீணாப் பூடுச்சுயா.”

“இன்னொரு வாட்டி சொல்லு.”

“இன்னாத்த?”

“வீணாப் பூடுச்சுன்னு.”

கங்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்; கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “சுகர் எறங்கிடுச்சா? சாப்டியா இல்லியா நீ?” என்று அவர் நெற்றியில் கை வைத்தாள். அவர் அவளை விட்டுவிட்டு மதிலைப் பார்த்துக் கத்தினார்.

“ஏ மேரி! செவப்பும் நீலமும் மயிலு கணக்கா கீதுன்னியே!”

கிரைண்டர் நின்றது. மேரியின் தலை மதிலுக்கு மேல் எழும்பிற்று. கொடியைப் பார்த்தாள்.

“நான் எங்கண்ணே பாத்தேன்? ரெண்டு கையும் மாவுல. கேட்டியேன்னு சொன்னேன். ஐய, இன்னாண்ணே இது, வெறுங் கறுப்பா கீது?”

“வெறுங் கறுப்புதான்!” என்றார் பச்சையப்பன், பரிசு விழுந்தவர் மாதிரி.

காலையிலிருந்து நடந்ததை அதன் பிறகுதான் கங்காவிடம் சொன்னார். தக்காளி, அண்ணன், டப்பின் மேல் உட்கார்ந்திருந்தது, எல்லாம். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ வினிகர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தாள்.

“நாளிக்கு ஒனக்கு ஆஃப்தான?” என்றார்.

“ஆமா. ஏன்?”

“காத்தால கண்ணாஸ்பத்திரிக்குப் போய் வந்துரலாம். நீ சீட்டு வாங்கு.”

கங்கா தலையை மட்டும் ஆட்டினாள். நம்பிவிட்டால் அவர் மாறிவிடுவாரோ என்பது போல வேகமாக உள்ளே போனாள். சோற்றை எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது.

பச்சையப்பன் கொடியில் கைக்கெட்டின சிட்டத்தை எடுத்தார். அது இன்னும் முழுக்கக் காயவில்லை, ஈரமாக இருந்தது. இரண்டு கையிலும் ஏந்தி, குனிந்து, முதலில் இடக்கண்ணிலும் பிறகு வலக்கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.