ரயிலுக்கு நேரமாச்சு, இன்ஜினில் ஆயில் இல்லை

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். அரூர் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு பழைய டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். அரபு நாட்டில் கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் தம்பி லீவில் வந்திருந்தான். எல்லோருக்கும் சென்ட் பாட்டில், சட்டைத் துணி என்று கொண்டுவந்தவன், தன் மாமாவுக்கு மட்டும் ஒரு பெரிய டின் இன்ஜின் ஆயில் கொண்டுவந்தான். அதுவும் சாதாரண ஆயில் இல்லையாம், சிந்தடிக் ஆயிலாம். நாங்கள் அந்தப் பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டோம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. எவர்சில்வர் தட்டில் ஒரு பக்கம் நம் ஊர் ஆயில் ஒரு சொட்டு, இன்னொரு பக்கம் டின் ஆயில் ஒரு சொட்டு விட்டுத் தட்டைச் சாய்த்தேன். நம் ஊர் ஆயில் யோசித்து யோசித்து இறங்கியது. வெளிநாட்டு ஆயிலோ சொல்லாமல் கொள்ளாமல் ஓடி என் புடவையில் சொட்டிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்ததும் நம்பிக்கை போய்விட்டது.

"என்ன மாப்ள, தண்ணியாட்டம் கீது? களி தின்னவன் வேலை செய்வானா, கஞ்சித் தண்ணி குடிச்சவன் செய்வானா?"

"மாமா, நூறு கிலோமீட்டர் வேகத்துல பாலைவனத்துல ஓடற காருக்கு இதத்தாங்க ஊத்தறாங்க. கல்லு ஒடைக்கறதுக்கா ஆயில் ஊத்தறீங்க?"

மாமனும் மச்சானும் இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாவது நாள் தம்பி ஜெயித்தான். உள்ளே இருந்த கறுப்பு ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசை ஊற்றினார்கள். வண்டி தையல் மெஷின் மாதிரி சன்னமாக ஓடியது. இவர் தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சத்தத்தைக் கேட்கவைத்தார்.

தம்பி திரும்பிப் போகிற நாள் வந்தது. பொம்மிடியில் ரயிலைப் பிடித்து மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், பிறகு விமானம். விசா முடிய அதிக நாள் இல்லை. அந்த ரயிலை விட்டால் விமானம் போச்சு, விமானம் போனால் வேலை போச்சு. அவன் அனுப்பும் சம்பளத்தில்தான் அம்மா வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் நேரத்தோடுதான் கிளம்பினோம். நானும் வழியனுப்பப் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பாப்பிரெட்டிப்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் எண்ணெய் தீய்கிற வாடை வந்தது. கூடவே ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது. இவர் அப்படியே ஓரம் கட்டினார். வண்டிக்கு அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் நுனியில் ஈரம் மட்டும்தான். பல வருட அழுக்கு அடைத்துக்கொண்டிருந்த சந்துகளையெல்லாம் புது ஆயில் கழுவித் திறந்துவிட்டு, தானும் அந்த வழியே போய்விட்டது என்று பின்னால்தான் புரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இனி ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும் என்பதுதான். கை காட்டிய ஒரு லாரியும் நிற்கவில்லை.

பக்கத்து வயலில் கிணற்றடியில் ஒரு ஆயில் இன்ஜின் டுப் டுப் என்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அங்கே மடை திருப்பிக்கொண்டிருந்தவரிடம் இவர் ஓடிப்போய்க் கேட்டார். அவரிடம் மிச்ச ஆயில் எதுவும் இல்லை. வயலைப் பார்த்தேன். தக்காளி நாற்று நட்டு மூன்றாம் நாள், வேர் பிடிக்க விடும் உயிர்த்தண்ணி போய்க்கொண்டிருந்தது. பாதி வயல்கூட நனையவில்லை. அது அண்ணன் தம்பிக்குப் பொதுக் கிணறு என்றும், அன்று பொழுது சாயும்வரைதான் அவர் முறை என்றும் அவர் மனைவி சொன்னார். மறுநாள் அண்ணன் முறையாம்.

அவர் காரைப் பார்த்தார், என் தம்பியின் பெட்டியைப் பார்த்தார். நேராகப் போய் இன்ஜினை நிறுத்தினார்.

"இந்த இன்ஜினுக்குள்ள கெடக்கற ஆயில எடுத்துக்குங்க. கறுப்பாத்தான் இருக்கும், ஆனா நல்லாத்தான் ஓடிச்சு."

"ஐயோ, உங்க தண்ணிங்க?" என்றேன்.

"ரயிலு நிக்காதுங்களே. திரும்பறப்ப வேற வாங்கியாந்து ஊத்துங்க."

அவர் எங்கள் ஊர் பெயர் கேட்கவில்லை, வண்டி நம்பர் பார்க்கவில்லை. தன் இன்ஜினின் அடியில் போல்ட்டைக் கழற்றித் தகர டின்னில் ஆயிலை இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினார்.

இப்போது பார்த்து இவருக்குப் புதுப் பயம். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு ஆயிலோடு இது சேருமா? பாலில் மோர் விட்ட மாதிரி திரிந்து இன்ஜினை அடைத்துக்கொண்டால்? கலக்கலாமா கூடாதா என்று ஒர்க்‌ஷாப்பில் யாரும் சொன்னதாகத் தம்பிக்கும் நினைவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. டிக்கியில் கிடந்த காலி டின்னைக் கவிழ்த்து அடியில் இருந்ததை வழித்தேன். தம்பிக்குச் சோறு கட்டிய தூக்கின் மூடியில் அதை விட்டு, இந்தக் கறுப்பு ஆயிலையும் விட்டுக் கலக்கி, சூடான இன்ஜின் மேலேயே வைத்தேன். அந்த விவசாயியும் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். நாலு பேரும் ஒரு மூடியை அப்படி முறைத்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தம்பி மட்டும் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

திரியவில்லை. குழம்பு மாதிரி ஒன்றாகச் சேர்ந்து நின்றது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், கட்டி எதுவும் இல்லை. "ஊத்துங்க" என்றேன். இவர் ஊற்றினார். வண்டியைக் கிளப்பினதும் சிவப்பு லைட் அணைந்தது; கெட்டி ஆயில் என்பதால் ஒழுகலும் சொட்டாகக் குறைந்தது. ரயில் ஸ்டேஷனுக்குள் வரும்போது நாங்களும் உள்ளே நுழைந்தோம். தம்பி ஓடி ஏறிக்கொண்டான். ஜன்னல் வழியாக அவன் என்ன சொன்னான் என்றுகூடக் காதில் விழவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

பொம்மிடியிலேயே வண்டிக்கும் அவர் இன்ஜினுக்கும் ஆயில் வாங்கிக்கொண்டு திரும்பினோம். வயலுக்கு வந்தபோது வெயில் தணிந்திருந்தது. அவரும் அவர் மனைவியும் கிணற்றுப் படியில் இறங்கிக் குடத்தில் மொண்டு, ஒவ்வொரு நாற்றுக்கும் கையால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் புடவை முழங்கால் வரை சேறு. எங்கள் கையில் இருந்த டின்னை அவர் பார்க்கவே இல்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்:

"ரயிலு கெடச்சுதுங்களா?"

கிடைத்தது என்றதும் அந்த அம்மா "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னார். இவர் ஆயிலை ஊற்ற, இன்ஜின் மறுபடி ஓடத் தொடங்கியது. பொழுது இறங்கும்வரை நாங்களும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மடை கட்டினோம். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை. அதற்கு நான்கு பேரும் குடத்தில் ஊற்றினோம்.

பழைய வண்டிக்கு எந்த ஆயில், புது வண்டிக்கு எந்த ஆயில் என்று இன்றும் கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் நாற்று வாடிக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாதவனுக்கு ரயில் கிடைத்ததா என்று கேட்க என்னால் முடியுமா என்ற கேள்விக்குத்தான், இத்தனை வருடம் கழித்தும் நான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.