என் பெயரில் வாங்கிய கார்

கார் வாங்கியபோது எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டருக்கு விலை போட்டு, சரக்கு கப்பலேறும்வரை அதன் பின்னாலேயே ஓடுகிற வேலை. ஆங்கிலத்தில் பேசுவேன், ஆங்கிலத்திலேயே சண்டையும் போடுவேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு.

அப்பா கார் டிரைவர். கொமரலிங்கம் என்ற ஊரிலிருந்து சின்ன வயதில் திருப்பூர் வந்தவர். வேறொரு கம்பெனி முதலாளியின் காரை இருபத்திரண்டு வருடம் ஓட்டினார். முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்ததும், தன் காரைத் தானே ஓட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். அதன் பிறகு கூப்பிட்டவர்களுக்கு ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டிருந்தார். அடுத்தவர் காரையே துடைத்துக் கொண்டிருந்தவருக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றியது. நான்கு வருடம் ஓடிய சின்னக் கார். என் சம்பளச் சீட்டைக் காட்டி வங்கியில் கடன் எடுத்ததால் ஆர்.சி. புத்தகம் என் பெயரில் வந்தது. அப்படி வராவிட்டாலும் அப்பா என் பெயரில்தான் எழுதச் சொல்லியிருப்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் எந்த வரியில் என் பெயர் இருக்கிறது என்று தெரியும். வருகிறவர்களிடமெல்லாம் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டுவார்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு விதம் இருக்குதுங்க அம்மிணி. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டா கம்மியா வருமுங்க. போலீசு புடிக்காது, அவ்வளவுதான். ஃபுல்லாப் போட்டா நம்ம வண்டிக்கும் சேத்துக் கெடைக்குமுங்க."

"அதென்னங்க தம்பி தேர்ட் பார்ட்டி?" என்றார் அப்பா.

ஏஜெண்ட் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "நம்ம வண்டி யாரு மேலயாச்சும் மோதுச்சுன்னா அவங்களுக்குக் குடுக்கறதுங்ப்பா. நாம மொதல் ஆளு, இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டாவது, அடிபட்டவன் மூணாவது."

"அடிபட்டவனப் போயி மூணாவதுல வெச்சிருக்கறானுக பாரு!"

எல்லோரும் சிரித்தோம். அப்பா ஃபுல்லாகவே போடச் சொன்னார். நான் படிவத்தை முழுக்கப் படித்தேன். கார் திருடுபோனாலோ நொறுங்கிப்போனாலோ எவ்வளவு தருவார்கள் என்பதற்கு ஒரு மதிப்புப் போட்டிருந்தார்கள். அதைக் குறைத்து எழுதினால் பிரீமியம் குறையும், நாளைக்கு வரும் தொகையும் குறையும். அந்த வலையில் நான் விழவில்லை. பழைய உரிமையாளரின் வண்டிதானே என்று அவருடைய பாலிசியிலேயே ஓட்டிக் கொண்டிருக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வரியில், உரிமையாளர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் அவருக்குத் தனியாக ஒரு தொகை என்று இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரையும், நாமினி என்ற இடத்தில் அப்பாவின் பெயரையும் நானே எழுதினேன். எழுதும்போது கை நிற்கவில்லை.

கடைசியாக ஏஜெண்ட் கேட்டார். "வண்டில போறவங்க வேற யாரு பேராச்சும் சேக்கணுங்களா அம்மிணி? தனியாக் கொஞ்சந்தான் வருமுங்க."

எங்கள் தொழிலில் விலை போடும் தாள் ஒன்று உண்டு. துணி, நூல், பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி என்று வரிவரியாக இருக்கும். வாங்குகிறவர் கேட்காத எந்த வரியையும் அதில் வைத்திருக்கக் கூடாது. ஒரு பனியனுக்குச் சில பைசா என்று பார்த்தால் ஒன்றுமில்லை, அறுபதாயிரம் பனியனுக்குப் பார்த்தால் ஆர்டரே கைவிட்டுப் போய்விடும். "தனியாகக் கொஞ்சம்" என்று யார் சொன்னாலும் என் பேனா தானாக அந்த வரியை அடித்துவிடும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"ஃபுல்லாத்தான போடறோம்? அப்பறம் எதுக்குங்க இது?"

"இல்லீங்க, அது வேறைங்க, இது..."

"படிச்சுட்டேனுங்க."

அவர் பேனாவை மூடினார். "எம் புள்ளகிட்ட உங்க ஏவாரம் ஆகாதுங்க தம்பி" என்றார் அப்பா, அவர் தோளில் தட்டி.

ஏழு மாதம் கழித்து, ஒரு காலை நேரம், தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அப்பா தனியாகக் கிளம்பினார். அவிநாசிபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஆடு ஒன்று ரோட்டில் ஏறியது. அப்பா திருப்பினார், கார் புளியமரத்தில் மோதியது. எதிரே வண்டி இல்லை, அடிபட்டவன் என்று வேறு யாரும் இல்லை. ஆடுகூட ஓடிவிட்டது. முன்பக்கம் உள்ளே நசுங்கி அப்பாவின் வலது கால் அதில் மாட்டிக்கொண்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். எடுப்பதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். எங்கள் வீட்டில் கையெழுத்து என்றால் நான்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. விபத்து நடந்ததும் தகவல் சொல்ல வேண்டும் என்று பாலிசியில் இருந்ததால் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். என் குரலை நானே கேட்டேன். ஷிப்மென்ட் தாமதத்தைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக் கேண்டீனில் உட்கார்ந்து பாலிசியை மறுபடி முதலிலிருந்து படித்தேன். காப்பி ஆறிப்போனது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். நாமினி என்ற இடத்தில் அப்பாவின் பெயர். அந்த வரி என் உடம்புக்குப் போட்டது. என் கால் போயிருந்தால் எனக்குத் தருவார்கள். நான் செத்திருந்தால் அப்பாவுக்குத் தருவார்கள். அப்பாவுக்காக ஒரு வரியும் அதில் இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வார்டுக்குப் போனேன்.

அங்கே, பார்க்க வந்த பழைய டிரைவர் ஒருவரிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "ஃபுல்லாப் போட்டிருக்குதுங்க. வர்றத வெச்சு நல்ல காலா ஒண்ணு மாட்டிக்க வேண்டியதுதான். மடக்கி நீட்றாப்புல எல்லாம் இப்ப வந்துருச்சாமா. எம் புள்ள பாத்துக்கும்."

நான் ஆரஞ்சு உரித்தேன்.

அதன் பிறகு ஐந்து வாரம் அவரிடம் சொல்லவில்லை. கார் வேலையைப் பார்த்தேன். பட்டறைக்கு வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்து எழுதினார். கண்ணாடிக்கு முழு விலை. பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி. இரும்புக்குக் காரின் வயதைப் பார்த்துக் கழிவு. நான் விலை போடும் தாளைப் போலவேதான் இருந்தது அவருடைய தாளும். ஒரு கதவைச் சரிசெய்தால் போதும் என்று எழுதியிருந்தார். புதிதாக மாற்ற வேண்டும் என்று நின்று பேசி வாங்கினேன். "இவ்வளவு வெரசா எவனுக்கும் வந்ததில்லீங்க அம்மிணி" என்றார் பட்டறைக்காரர். நன்றி சொன்னேன். காரின் உள்ளே டிரைவர் சீட்டின் கீழே கழுவியிருந்தார்கள். சோப்பு வாசம் அடித்தது.

கார் வீட்டு வாசலுக்கு வந்த அன்று அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினோம். புதுக் கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா தரையில் பனியன் குவியலுக்கு நடுவே பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் தைத்து வருவதில் தொங்கும் நூல்களை வெட்டிக் கொடுக்கும் வேலை. அப்பா படுத்ததிலிருந்து இரண்டு மடங்கு வாங்கிப் போட்டிருந்தாள்.

"கதவுக்கு வந்துருச்சு, பம்பருக்கு வந்துருச்சு" என்றார் அப்பா. "காலுக்கு எப்பக் கண்ணு வரும்?"

"வராதுங்ப்பா."

"ஏனாமா?"

"அது எம் பேர்ல போட்டதுங்ப்பா. ஓனரு ஓட்டிக் கால் போனாத்தான் குடுப்பாங்க. நீங்க ஓனரு இல்லீங்க."

அம்மாவின் கத்தரி நின்றது. "அந்த ஏஜெண்டு இதச் சொல்லவே இல்லியா சாமி?"

"கேட்டாருங்மா. வேற பேரு சேக்கணுமான்னு கேட்டாரு. நாந்தான் வேண்டாம்னேன்."

"எவ்வளவு கேட்டான்?"

"நாலு பேரு டீ குடிக்கற காசு."

"இத்தன படிச்சு..." என்று அம்மா தொடங்கினாள். மடியிலிருந்த பனியனைப் புரட்டிப்போட்டாள். அவள் முழுவதும் சொல்லியிருக்கலாம். கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இருவத்திரெண்டு வருசம் மொதலாளி வண்டிய ஓட்டுனேன்" என்றார். "எனக்கும் சேத்துப் போட்டிருக்கறானான்னு ஒரு நாளாச்சும் கேட்டனா நானு?" பிறகு, "ஒரு காலுக்கு எவ்வளவாமா?" என்று கேட்டார்.

"சொன்ன தொகைல பாதிங்ப்பா."

"ரெண்டும் போனா?"

"முழுசுங்க."

"சோடியாக் குடுத்தாத்தான் முழு வெலையாட்ட இருக்குது. செருப்புக் கடைக்காரனாட்ட." சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"உனக்குன்னா உண்டுல்ல கண்ணு?"

"உண்டுங்ப்பா."

"செரி, அது போதும் உடு."

அது பொய். உரிமையாளரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும் என்று அதே பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. டிரைவர் மகளான எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பாதான் இருக்கிறாரே என்று கற்றுக்கொள்ளவே இல்லை. அந்த வரிக்கு நாங்கள் கட்டிய பணம் எங்கள் வீட்டில் எந்தக் காலுக்கும் ஆகாத பணம். வேறு எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிவிட்டேன். இதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். காலை ஆறு மணிக்குப் போய்விட்டு அப்படியே கம்பெனிக்குப் போவேன். என்னோடு கற்றுக்கொண்டவர்கள் பயந்தார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள். எனக்குப் பயம்கூட வரவில்லை. சொன்னதைச் செய்தேன். மூன்று மாதத்தில் லைசென்ஸ் கைக்கு வந்தது. அன்று முதல் அப்பாவிடம் சொன்னது உண்மையாகிவிட்டது. அதைக் கொண்டாட வழியில்லை, யாருக்கும் தெரியாதே.

அப்பாவை முதலில் கூட்டிப்போனது செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்கத்தான். மடக்கி நீட்டுகிற வகை இல்லை, எங்களால் முடிந்த வகை. அவர் இடது பக்கம் உட்கார்ந்து, மடியில் ஊன்றுகோலைக் குறுக்கே வைத்துக்கொண்டு, வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.

"வண்டி அழுவுது பாரு, கியர மாத்து. கண்ணாடியப் பாரு. பஸ்சுக்காரன் வாரான், உடு அவன. இப்ப எதுக்கு பிரேக்குல கால வெச்சுட்டிருக்கற? ரோடு சும்மாத்தான கெடக்குது? எடு கண்ணு, கால எடு."

எடுத்தேன்.