மாமியாரின் மஞ்சள் சிலிண்டர்

கடலுக்கடியில் நீந்துகிறவர்கள் காற்றடைத்து முதுகில் சுமந்து செல்லும் சிலிண்டர்களைச் சோதித்துச் சான்று ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. வால்வைக் கழற்றி, குச்சி முனையில் கட்டிய சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, விளக்கடித்து, சுவரில் அரிப்பு உண்டா, கழுத்தின் திருகு மரையில் விரிசல் உண்டா என்று சாவகாசமாகப் பார்ப்பாள். அதனால் கண்ணாடிக்காரி என்று பெயர். தேறாததைத் தேறாது என்று சொல்லிவிடுவாள். ஒரு பயிற்சியாளர் அழுதே பார்த்தார். கண்ணைத் துடைக்கத் துணி கொடுத்தாள், ஸ்டிக்கர் கொடுக்கவில்லை.

வீட்டில் அவள் வேறு ஆள். கல்யாணமாகி ஏழு ஆண்டுகளில் மாமியாரிடம் "முடியாது" என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. திரைச்சீலை ஆரஞ்சு நிறத்தில்தான் வேண்டும் என்றார் மாமியார். "சரிங்க அத்தை." பூனைக்குத் தனி அறை என்றார். "சரிங்க அத்தை." கணவன் இதைப் பொறுமை என்று மெச்சிக்கொண்டிருந்தான். உண்மையில் அது களைப்பு. பகலெல்லாம் ஊராரை மறுத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் மறுக்கத் தெம்பு இருப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் கடலில் இறங்குகிறவர் மாமியார்தான். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. தண்ணீருக்குள் மட்டும் வலிக்காதாம்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், தன் மஞ்சள் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு மருமகள் வேலை செய்யும் கடைக்குள் வந்தார்.

"அம்மாடி, ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக் குடுத்துடு. காலைல ஆறு மணிக்குப் படகு."

"வால்வு புதுசா இருக்கே, அத்தை?"

"பழசு ஒழுகுச்சு. எங்க குழுவுல ஒருத்தர் வெளிநாட்டுச் சிலிண்டர் ஒண்ணைத் தூக்கிப் போட்டாரு. அதுலேர்ந்து கழட்டி நானே மாட்டிட்டேன். எப்படி?"

வெளிநாடு என்றதும் கண்ணாடிக்காரியின் காது விறைத்தது. வால்வைக் கழற்றி அடியில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தாள். சிலிண்டரின் கழுத்து அங்குலக் கணக்கில் மரை வெட்டியது. வால்வோ மில்லிமீட்டர்க் கணக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் நகத்தின் பருமன்தான். பக்கத்தில் வைத்தால் உடன்பிறப்பு என்றே தோன்றும்.

"இது இந்தச் சிலிண்டரோட வால்வு இல்ல, அத்தை."

"உள்ள போகுது, இறுகுது, ஒழுகல. இன்னும் என்ன பொருத்தம் வேணும்? என் பையனுக்கு உன்னைப் பாக்கும்போதுகூட நான் இவ்வளவு பாக்கலியே."

"சிரிக்காதீங்க அத்தை."

"நான் சிரிக்கவே இல்ல. குடு அந்த வால்வை. அடுத்த தெருக் கடைக்காரன் திறந்துகூடப் பாக்காம ஸ்டிக்கர் ஒட்டுறானாம்."

அவன் ஒட்டுவான் என்பது இவளுக்கும் தெரியும். வால்வைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"முடியாது அத்தை."

பக்கத்து அறையில் சிலிண்டர்களுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசர்க்காரர் டீ உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"என்ன சொன்னே?"

"முடியாது. இதை மாட்டி முழுசாக் காத்தடிச்சா வால்வு குண்டு மாதிரி பிச்சுக்கிட்டு வரும். முதல்ல பக்கத்துல நிக்கிற அண்ணன் மூஞ்சி போகும்."

"என் மூஞ்சியா?" என்றார் கம்ப்ரசர்க்காரர், அங்கிருந்தபடியே.

"ஏழு வருஷம் வாயைத் திறக்காம இருந்துட்டு, இப்போ ஊர் கேக்க என்னைக் குறை சொல்றியா?"

கண்ணாடிக்காரி பையிலிருந்து வால்வை எடுத்தாள். அதன் கழுத்திலிருந்த ரப்பர் வளையத்தை உருவிவிட்டு, வால்வைச் சிலிண்டரில் மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"நீங்களே ஆட்டிப் பாருங்க."

மாமியார் ஆட்டினார். விழப்போகிற பல் மாதிரி அது ஆடியது. பிறகு கண்ணாடிக்காரி இழுப்பறையிலிருந்து சரியான வால்வை எடுத்து அதையும் வளையமில்லாமல் மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அது அசையக்கூட இல்லை. மாமியார் தான் கொண்டுவந்ததை மறுபடி வாங்கித் தானே மாட்டினார், ஆட்டினார். இன்னொரு முறையும் ஆட்டினார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இறுக்கும்போது ஆடவே இல்லையே."

"உங்க கைக்கு இறுகினது ரப்பர் வளையம். மரை சரியாப் பிடிக்கவே இல்ல, அத்தை."

மாமியாருக்கென்று சோதனை சுருங்கவில்லை. கண்ணாடி, விளக்கு, மரை என எல்லாம் வழக்கம்போல் நிதானமாக நடந்தன. கடைசியில் சரியான வால்வை மாட்டி ஸ்டிக்கர் ஒட்டினாள். கம்ப்ரசர்க்காரர் வழக்கத்தைவிட இரண்டடி தள்ளி நின்றே காற்றடைத்தார். மாமியார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். இரவுச் சாப்பாட்டில் பூனையிடம் மட்டுமே பேசினார்.

திங்கட்கிழமை காலை கடைக் கதவு திறந்தது. மாமியார் நின்றார். பின்னால் அவர் குழுவினர் நான்கு பேர், ஆளுக்கொரு சிலிண்டரோடு.

"இவதான் என் மருமக. ஒருத்தரையும் நம்ப மாட்டா. என்னையே நம்பல!" என்றார், பதக்கம் வாங்கியவரைக் காட்டுவது போல. பிறகு அவர்களில் ஒருவரைக் காட்டிக் குரலைத் தழைத்துக்கொண்டார். "அம்மாடி, இவர் நமக்கு ரொம்ப வேண்டியவர். திறக்காமலே ஒரு ஸ்டிக்கர்…"

"முடியாது அத்தை."

மாமியார் நால்வர் பக்கமும் திரும்பினார். முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா?"