திருக்கைக்குச் சிவப்பு, கொடிக்குப் பச்சை

திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் லேப் அட்டெண்டர். பத்தாவது வரைதான் படித்தேன். உயிரின மாதிரிகள் கெடாமலிருக்க பாட்டில்களில் ஃபார்மலின் மாற்றுவதும், மாதிரிகளுக்கு அட்டை எழுதுவதும் என் வேலை. பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் வைத்த கண்காட்சியில் நான் செய்த ஒரு தப்பை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரே மேசையில் இரண்டு மாதிரிகள். ஒன்று, பாட்டிலுக்குள் ஒரு குட்டிக் கொம்புத் திருக்கை. மற்றது, பச்சைமலையில் எடுத்து, தாளில் அழுத்திக் காயவைத்த ஒரு பூங்கொடி. திருக்கை அட்டையில்: விலங்கு, குருத்தெலும்பு மீன், சுறாவுக்குச் சொந்தம். கொடி அட்டையில்: பூக்கும் தாவரம், இருவித்திலை வகை. கடைசி வரிக்கு ஸ்டிக்கர். அழியும் ஆபத்து என்றால் சிவப்பு, ஆபத்து இல்லை என்றால் பச்சை.

தாவரவியல் மேடம் கொடுத்த பட்டியலில் திருக்கைக்கு ஆபத்து என்று இருந்தது. கொடிக்கு நேரே கட்டம் காலி. எதுவும் எழுதாவிட்டால் ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம்? பச்சையை ஒட்டிவிட்டேன்.

மதியம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பள்ளி வந்தது. கூட வந்த சார் அட்டையைப் படித்தார்.

"சனிக்கிழமை பச்சைமலை போறோம்ல? இந்தக் கொடிய ஆளுக்கு ஒண்ணு வேரோட எடுத்துக்குங்க. பச்சைதான் போட்டிருக்கு."

நாற்பது பிள்ளைகள் தலையாட்டினார்கள். எனக்கு உறுத்தியது. மேடத்திடம் போய், கட்டம் காலியாக இருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"காலின்னா இன்னும் யாரும் கணக்கெடுக்கலைன்னு அர்த்தம்ண்ணே. திருக்கைய நிறைய பேரு வருஷக்கணக்கா கவனிச்சாங்க, அதான் சிவப்புன்னு தெரிஞ்சுது. இந்தக் கொடிய நானே ரெண்டு இடத்துலதான் பார்த்திருக்கேன். பச்சை யாரு ஒட்டுனது?"

"நான்தாங்க மேடம்."

"நல்லா ஒட்டுனீங்க போங்க. முதல்ல அவங்களப் பிடிங்க."

வாசலில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஏறி நின்று, "சார், அந்தப் பச்சை தப்புங்க. தெரியாம நான் ஒட்டினது. கொடியைப் பிடுங்க வேணாங்க" என்றேன். எல்லோர் முன்னாலும் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

முன் சீட்டில் இருந்த பெண் கேட்டாள்: "அப்ப அது நிறைய இருக்கா, இல்லையா அங்கிள்?"

"தெரியலம்மா. யாருக்குமே தெரியல."

"நாங்க எண்ணிட்டு வரவா?"

சார் சிரித்துவிட்டார். "எண்ணலாம். கை வச்சா பஸ்ல ஏத்த மாட்டேன்."

திங்கட்கிழமை அந்தப் பள்ளியிலிருந்து ஒரு நோட்டுத் தாள் வந்தது. பாறை ஓரம் ஒன்பது, ஓடைப் பக்கம் எட்டு என்று எழுதியிருந்தார்கள். மேடம் அதைப் பத்திரமாக ஃபைலில் வைத்தார். நான் பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளைத் தாளில் 'இன்னும் தெரியாது' என்று எழுதி ஒட்டினேன். நான் எழுதியதிலேயே சரியான அட்டை அதுதான்.