வக்கீலுக்கு மஸ்டர் போட்ட தனபாக்கியம்

பண்ருட்டி கோர்ட்டில் எந்த வக்கீல் எத்தனை மணிக்கு வருகிறார், வந்து என்ன செய்கிறார் என்று கட்சிக்காரர்கள் யாரும் எழுதி வைப்பதில்லை. தனபாக்கியம் எழுதி வைத்தார்.

முப்பத்தொரு வருஷம் நெய்வேலி சுரங்கத்தின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவர் அவர். தொழிலாளி வந்திருந்தால் மஸ்டர் எனும் வருகைப் பதிவேட்டில் ‘பி’, வராவிட்டால் ‘ஏ’, பக்கத்தில் வந்த நேரம், எந்த வேலைக்குப் போனார் என்ற குறிப்பு. ஷிப்டுக்கு அறுநூறு பேர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பின் பதினெட்டாவது பிளாக்கில் மகள் வெண்மதியின் குவார்ட்டர்ஸில் பால்காரருக்கு ஒரு பக்கம், தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு ஒரு பக்கம் என்று நோட்டு ஓடியது.

“எனக்கும் போடுறியாம்மா?” என்று வெண்மதி ஒருநாள் கேட்டாள்.

“நீ ரெகுலர். உனக்கு எதுக்கு?”

ஓய்வு பெற்ற கையோடு பண்ருட்டிக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் முந்திரித் தோப்பு வாங்கினார். நடுவில் நான்கு பலா மரங்கள். தோப்புக்கு வண்டிப் பாதை ஒன்றுதான். 2017-இல் பக்கத்து நிலத்துக்காரர் கொளஞ்சிநாதன் அதன் குறுக்கே முள்கம்பி வேலி போட்டுவிட்டார். அதன் பிறகு பலாப்பழத்தை ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து ஏரிக்கரை சுற்றித் தூக்கி வர வேண்டியதாயிற்று. வழியைத் திறந்துவிடச் சொல்லித் தனபாக்கியம் வழக்குப் போட்டார். வக்கீல் சிவசங்கரை வைத்துக்கொண்டார். கணீரென்ற குரல், கம்பீரமான நடை. “இவர் பேசினா வேலி தானா சாஞ்சிரும்” என்று வெண்மதியிடம் சொன்னார்.

பேசினால்தானே?

மூன்று ஆண்டுகளில் இருபத்தாறு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் தனபாக்கியம் பஸ் பிடித்துப் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நோட்டில் பதினேழு ‘ஏ’ விழுந்தது. ஒருமுறை சிவசங்கர் போனில், “இன்னைக்கு ஜட்ஜ் லீவும்மா, நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க” என்றார். ஜட்ஜ் அப்போது பத்தடி தூரத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேறு வக்கீலுக்கு மாறலாம் என்றால் சிவசங்கர் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்தார், கேஸ் கட்டையும் தரவில்லை. தனபாக்கியம் தமக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். சுரங்கத்தில் அடிக்கடி வராதவருக்கு முதலில் எச்சரிக்கை மெமோ, பிறகு இரண்டாவது மெமோ, பிறகு இறுதி மெமோ. அதே நடையில் மூன்று கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் வக்கீலுக்கு அனுப்பினார். ‘தாங்கள் 14, 22 ஆகிய தேதிகளில் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராதது குறித்து…’ சிவசங்கர் அதை மற்ற வக்கீல்களுக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாராம்.

2021 ஆகஸ்டில் தனபாக்கியத்துக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. “நீங்க வராதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார் சிவசங்கர். அதற்குப் பிறகு கேட்டபோதெல்லாம் வாய்தா, வாய்தா என்றே பதில். ஒன்றேகால் வருஷம் கழித்து நேரில் போய் விசாரித்தபோது கோர்ட் ஊழியர் பரிதாபமாகப் பார்த்தார். “இந்தக் கேஸா? ஆள் வரலைன்னு போன வருஷம் ஆகஸ்ட்லயே தள்ளுபடி பண்ணிட்டாங்களே.”

புதிய வக்கீல் ரெஜினா நிலைமையை மறைக்காமல் சொன்னார். “கேஸுக்கு மறுபடி உயிர் குடுக்கலாம்மா. ஆனா இவ்வளவு தாமதம் ஏன்னு ஜட்ஜ் கேப்பாரு. தப்பு வக்கீல் மேலதான், உங்க மேல இல்லைன்னு காட்டணும். பார் கவுன்சில்ல அப்படி ஒரு ஆர்டர் வாங்கிட்டா நம்ம கை ஓங்கிரும். வாங்க முடியலைன்னா பாதையை மறந்துட வேண்டியதுதான்.”

புகார் போனது. சிவசங்கர் பதில் அனுப்பினார்: நான் எல்லா வாய்தாவுக்கும் தவறாமல் போனேன், அந்த அம்மாதான் ஒழுங்காக வரவில்லை. தனபாக்கியத்துக்குக் கோபம் வந்ததே அப்போதுதான். “ஒழுங்கா வரலையா? என்னையா சொல்றாரு?”

விசாரணைக்காகச் சென்னைக்குக் கிளம்பியபோது பழைய சிநேகிதி சவரியம்மாளும் ஒட்டிக்கொண்டார். சுரங்க கேன்டீனில் சூப்பர்வைசராக இருந்தவர். எண்பது தோசைக்கு நடுவில் நின்று பழகிய குரல்.

“அங்க வந்து வாயைத் தொறக்கக் கூடாதுக்கா” என்றார் தனபாக்கியம்.

“நான் என்னடி பேசப் போறேன்? புளிசோறு கட்டிக்கினு வரேன், அவ்ளோதான்.”

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர், மூவருமே மூத்த வக்கீல்கள். சவரியம்மாளை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். தனபாக்கியம் நோட்டைக் கொடுத்து, கோர்ட் குறிப்பேட்டின் நகல்களையும் பக்கத்தில் வைத்தார். தலைவர் புரட்டிப் பார்த்தார்.

“இது என்னம்மா, பி, ஏ?”

“பி-ன்னா வந்தாருங்க. ஏ-ன்னா வரலைங்க. டைம் ஆபீஸ் பழக்கமுங்க.”

ஓர் உறுப்பினர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். குறுக்கு விசாரணைக்குச் சிவசங்கர் எழுந்தார். பண்ருட்டியில் கேட்காத அந்தக் குரல் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டது.

“எனக்கு வருகைப் பதிவு போட நீங்க யாரும்மா? நான் என்ன உங்க சுரங்கத்துல வேலை செய்யறேனா?”

“எங்க சுரங்கத்துல இருந்திருந்தா எப்பவோ என்கொயரி முடிஞ்சிருக்கும் சார்.”

இப்போது மூவருமே குனிந்துகொண்டார்கள். சிவசங்கருக்கு முகம் சிவந்தது. நோட்டைக் கையில் வாங்கினார். வராத நாளைப் பற்றிப் பேசினால்தானே வம்பு? வந்த நாட்களைத் தேடி விரல் ஓட்டினார்.

“பாருங்க சார், இவங்க கையெழுத்துலயே இருக்கு. 2019 பிப்ரவரி 11, பி. மார்ச் 7, பி. ஏப்ரல் 3, பி. ஜூன் 18, பி. ஒழுங்கா வரலைன்னு எப்படிச் சொல்ல முடியும்?”

தலைவர் தலையை நிமிர்த்தினார். “அந்த நாலு நாளும் கோர்ட்டுக்குப் போனீங்களா?”

“போனேன் சார்.”

“வேடிக்கை பார்க்கவா, வாதாடவா?”

“வாதாடத்தான் சார். அவங்களே குறிப்பு எழுதியிருக்காங்களே. ‘பி, 11.40, கவுன் போட்டு எழுந்து நின்று பேசினார்.’”

தலைவர் மேஜையில் இருந்த இன்னொரு கோப்பை மெதுவாக இழுத்துத் திறந்தார். 2016-இல் ஒரு கட்சிக்காரரை ஏமாற்றியதற்காகச் சிவசங்கருக்குக் கண்டனம். பிறகு இன்னொருவர் புகாரில், 2019 ஜனவரி முதல் ஜூன் முடிய ஆறு மாதம் தொழில் செய்யத் தடை.

“தடை இருக்கும்போது எந்த கவுனைப் போட்டுக்கிட்டு நின்னீங்க, மிஸ்டர் சிவசங்கர்?”

நோட்டு மேஜைக்குத் திரும்பிவிட்டது. தனபாக்கியத்துக்கு இந்தத் தடை விஷயமே அதுவரை தெரியாது.

வெளியே வந்ததும் சவரியம்மாள் பிடித்துக்கொண்டார். “என்னடி ஆச்சு? உள்ள சத்தமே காணோம்?”

“வரலைன்னு காட்டப் போனேன்க்கா. மனுசன் வந்ததுக்கு மாட்டிக்கினாரு.”

விளங்குவதற்குச் சவரியம்மாளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் தாழ்வாரத்தில் போன கறுப்புக் கோட்டுகள் அத்தனையும் திரும்பிப் பார்த்தன.

படிக்கட்டில் சிவசங்கர் எதிர்ப்பட்டார். பேசாமல் போய்விடுவார் என்று நினைத்தார் தனபாக்கியம். அவர் நின்றார். “அந்த நாலு நாளையாவது நீங்க எழுதாம விட்டிருக்கலாம்மா.”

“ஆளைப் பாத்து எழுத மாட்டோமுங்க” என்றார் தனபாக்கியம். குரலில் குத்தல் இல்லை. “நீங்க வந்த அன்னைக்கெல்லாம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு சார். ஆசையாத்தான் பி போட்டேன்.”

சிவசங்கர் கீழே இறங்கிப் போனார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு தபாலில் வந்தது. ரெஜினா போனில் படிக்க, பதினெட்டாவது பிளாக்கில் ஸ்பீக்கரைச் சுற்றி மூன்று பெண்கள். தொடர்ந்து தொழில் ஒழுங்கை மீறியதாலும், தடைக் காலத்தில் வாதாடியதாலும் சிவசங்கரின் பெயர் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது; புகார்தாரர் தரப்பில் எந்தக் கவனக்குறைவும் இல்லை.

“கடைசி வரியை இன்னொரு தடவை படிங்கம்மா” என்றார் தனபாக்கியம். ரெஜினா மூன்று தடவை படித்தார். வெண்மதி கேசரிக்கு ரவாவை வறுக்க எழுந்து போனாள்.

சிவசங்கர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டுப் பண்ருட்டி கோர்ட் வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டது. ரெஜினா எல்லா வாய்தாவுக்கும் வந்தார். ஆறாவது வாய்தாவில் கொளஞ்சிநாதனே வராந்தா பெஞ்சுக்கு வந்தார். கேஸ் செத்துப்போனது என்று நிம்மதியாக இருந்தவர். இப்போது களைத்துத் தெரிந்தார். “சர்வேயரைக் கூப்ட்டு அளந்துக்கலாம்மா. பாதையை நானே விட்டுடறேன். இன்னும் எத்தினி வருசத்துக்கு நாம ரெண்டு பேரும் இந்த பெஞ்சியிலயே ஒக்காந்துக்கினு இருக்கறது?” சமரசம் கோர்ட்டிலேயே எழுதிக் கையெழுத்தாயிற்று.

போன மே மாதம் ஒரு மினி டெம்போ வேலி பிரித்த பிறகு முதல்முறையாக அந்தப் பாதையில் தோப்புக்குள் நுழைந்தது. முன் சீட்டில் தனபாக்கியம், பின்னால் தொட்டியில் சாக்குகளுக்கு மேல் சவரியம்மாளும் வெண்மதியும். மரத்தடி வரைக்கும் வண்டி போனது. பெரிய பழமாகப் பார்த்து ஒன்றை இறக்கி அங்கேயே பிளந்தார்கள். சவரியம்மாள் ஆர்வத்தில் இரண்டு கையையும் உள்ளே விட்டுவிட்டார். விரலெல்லாம் பலாப்பால். எண்ணெய் கொண்டுவர ஒருவருக்கும் நினைவில்லை.

“கேன்டீனே நடத்தினவங்க, எண்ணெய் எடுத்தாரத் தெரியலை” என்றாள் வெண்மதி.

“எட்டு வருசமா கேஸ் நடத்துன உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிதா? என்னையே சொல்லு!”

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொல்லையிலிருந்து கொளஞ்சிநாதனின் மனைவி அம்சவல்லி எட்டிப் பார்த்தார். ஒட்டிக்கொண்ட விரல்களை விரித்தபடி நின்ற சவரியம்மாளைக் கண்டதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போனவர் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்து, நேராகப் பாதையில் இறங்கி நடந்து வந்தார்.

“எண்ணெய் தரேன்” என்றார். “எனக்கு அந்த நடுச்சொளை வேணும்.”